இடது பக்கத்துக் கீறல்

என் காரை யாராவது உலர்ந்த துணியால் துடைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மைசூரில் எங்கள் தெருவில் காலை நடை போகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தூசி படிந்த பெயிண்டின் மேல் உலர்ந்த துணியைப் போட்டு இழுப்பதும், மூக்குக் கண்ணாடியை உப்புத்தாளால் துடைப்பதும் ஒன்றுதான். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் தங்கள் காரை வெயிலில் நிறுத்தி ஒரு தரம் குனிந்து பார்க்கட்டும். பெயிண்ட் முழுக்க சிலந்தி வலை பின்னியது போல் மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். அதைப் பின்னியது சிலந்தி இல்லை, அவர்கள் கைதான்.

என் முறை எளிது, ஆனால் அதில் சமரசம் கிடையாது. வெயில் ஏறுமுன், போர்ட்டிகோ நிழலில், எஞ்சின் ஆறியபின்தான் வேலை. முதலில் கையே வைக்காமல் தண்ணீரை மட்டும் பீய்ச்சி, தானாக வரக்கூடிய மண்ணையெல்லாம் வரவிட வேண்டும். அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். காரின் ஒரு பாகத்தைக் கழுவியதும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனி வாளி.

தண்ணீரிலும் எனக்குக் கண்டிப்பு உண்டு. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் காலையில்தான் காரைக் கழுவுவேன். போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் எங்கள் காரின் கருநீல நிறத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி விழும். கண்ணாடியைத் துடைக்க மட்டும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணீரைத்தான் எடுப்பேன். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவளிடம் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கொண்டுவந்து இதுவே போதும் என்று சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

நாங்கள் மேலுக்கோட்டை வழி வந்த ஐயங்கார் குடும்பம். மடித்துணியைக் கோலால் தூக்கி உயரக் கொடியில் உலர்த்துவதையும், அதில் யார் கையும் படாமல் காவல் காப்பதையும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த ஆசாரத்தைச் சமையலறையில் என்றைக்கோ விட்டாயிற்று. அது எப்படியோ போர்ட்டிகோவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மஞ்சள் துணி கண்ணாடிக்கு, நீலம் பெயிண்டுக்கு, சாம்பல் நிறம் சக்கரத்துக்கு. தரையில் விழுந்த துணி அன்றோடு சக்கரத்துக்குப் போய்விடும், மேலே திரும்பி வராது. மாடியில் அவற்றுக்குத் தனிக் கொடி.

“பெருமாள் வஸ்திரத்துக்குக்கூட இவ்வளோ மடி இல்லேடி,” என்பார் என் கணவர்.

“பெருமாள் நஞ்சன்கூடு ரோட்டுல ஜல்லி லாரி பின்னாடி தினம் போறதில்லே. நீங்கோ போறேள்.”

அவருக்குச் சாமராஜநகரில் அலுவலகம். தினமும் காரில்தான் போய்வருவார். ஓட்டுவது அவர், பார்த்துக்கொள்வது நான். இதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. நானும் ஒரு காலத்தில் லைசென்ஸ் எடுத்தேன். அது புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு பீரோவிலேயே இருந்தது. அவர் ஓட்டுகிற அழகைப் பார்த்தவர்களுக்கு ஸ்டியரிங்கைத் தொடத் தோன்றாது. மாதேஸ்வரன் மலை வளைவுகளைத் தாண்டிப் பாலாறு சோதனைச் சாவடி வரைக்கும் பின்சீட்டில் இருப்பவர்களின் தூக்கம் கலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நூற்றெட்டு திவ்யதேசங்களில் கார் போகக்கூடிய அத்தனைக்கும் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. எந்த ஊருக்கு எந்த வழி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தப் பேச்சை எடுத்தால் அவர் முகமே வேறாகிவிடும்.

கழுவி முடித்ததும் நான் ஒரு சோதனை செய்வேன். கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பெயிண்டின் மேல் விரல்களை ஓட்டுவேன். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் கவருக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம். மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னால் வருவதைப் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடியின் கூட்டுக்கு மேல் என் விரல் தட்டி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளிப்பச்சை நிறத்தில் ஒரு தீற்றல்.

நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் சிக்கவில்லை. நகம் சிக்காத கீறல் மேலோடு போனது, எடுத்துவிடலாம். களிமண் கட்டி போல விற்கிறார்களே, அதை ஷாம்புத் தண்ணீர் தெளித்து மெதுவாக ஓட்டினேன். பச்சை கழன்று வந்துவிட்டது. மிச்சத்தைக் கீறல் அழிக்கிற காம்பவுண்டு பசையால் தேய்த்து, மெழுகு பூசி, தள்ளி நின்று பார்த்தேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதில் என்ன வெட்கம்?

சில வாரம் கழித்து முன் பம்பரின் இடது மூலையில் சுண்ணாம்பு வெள்ளை. அதையும் எடுத்தேன். அப்புறம் இடது பின்கதவில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு. அதையும் எடுத்தேன். நவராத்திரி நெருங்கும்போது கண்ணாடிக் கூட்டில் மறுபடியும் அதே கிளிப்பச்சை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எதிர்வீட்டு அம்மாவின் ஸ்கூட்டர் கிளிப்பச்சை. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே போனேன். எங்கள் காரில் கீறலின் உயரத்தை அளந்தேன், அவர் ஸ்கூட்டரின் கைப்பிடி உயரத்தை அளந்தேன். அவர் அதை வேடிக்கை பார்த்துவிட்டு, மழை தொடங்கியதிலிருந்து அந்த ஸ்கூட்டர் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்று கன்னடத்தில் சொல்லிக் காபி கொடுத்தார். உயரமும் ஒத்துவரவில்லை. காபி நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அழிக்காமல் வைத்திருந்த அந்தக் கீறலை நிதானமாகப் பார்த்தேன். நின்றிருக்கும் காரை ஸ்கூட்டர் இடித்தால் அடி ஒரே இடத்தில் விழும், சாய்ந்து விழும், கொஞ்சம் நசுங்கும். இது முன்னாலிருந்து பின்னால் தரைக்கு இணையாக ஓடியிருந்தது. நான் அழித்த மற்ற மூன்றும் அப்படித்தான் ஓடியிருந்தன, எனக்கு நன்றாக நினைவிருந்தது. யாரும் எங்கள் காரை இடிக்கவில்லை. எங்கள் கார்தான் நின்றிருக்கும் எதையோ உரசிக்கொண்டு போயிருக்கிறது. தலையைத் தூக்கினேன். எங்கள் வீட்டு கேட், போன வருஷம் நானே நிறம் சொல்லி அடிக்கவைத்த கிளிப்பச்சையில் எதிரே நின்றது.

அன்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன்.

“ஏன்னா, வண்டியை கேட்ல உரசினேளா?”

“நானா? இல்லையே.”

“இடது பக்கம் நாலு தரம் உரசியிருக்கு. சத்தம்கூடக் கேக்கலையா?”

“ரேடியோ பாடிண்டிருக்கும். இடது பக்கம் எல்லா வண்டியும்தான் உரசும், பிடு, விட்டுத்தள்ளு.” அப்புறம் அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. “என்ன, என் டிரைவிங்கையே சந்தேகப்படறியா?”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பொய் சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். உரசியதே அவருக்குத் தெரியவில்லை என்பது அவர் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கு முதன்முதலாகப் பயம் தட்டியது அப்போதுதான்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எங்கள் வீட்டில் காருக்குப் பெரிய குளியல். அன்று முன்கண்ணாடியையும் விடமாட்டேன். அதில் வெளியே ஒரு படலமும் உள்ளே ஒரு படலமும் படியும். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் மணிக்கணக்கில் துடைப்பவர்கள் உண்டு. நான் வெளியே மேலும் கீழுமாகத் துடைப்பேன், உள்ளே குறுக்காகத் துடைப்பேன். மிஞ்சுகிற கோடு எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கோடு ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தால்தான் கண்ணில் படும். அதனால் அவரை உள்ளே உட்காரவைத்தேன்.

“நேரா கேட்டைப் பாருங்கோ. தலையைத் திருப்பாதேங்கோ. எங்க கோடு தெரியறதோ சொல்லுங்கோ.”

அவர் முன்னால் இருந்த பாகம் முடிந்தது. நான் சுற்றிக்கொண்டு இடது மூலைக்குப் போய், மஞ்சள் துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

“என்ன, காபி குடிக்க உள்ளே போயிட்டியா?” என்றார்.

“இங்கதானே இருக்கேன்.”

அவர் தலையைத் திருப்பினார். “ஓ, அங்க இருக்கியா.”

என் கை நின்றுவிட்டது. மறுபடியும் நேரே பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தார். நான் துணியை விரித்து, ரயிலுக்குக் கொடி காட்டுவதைப் போல் அந்த மூலையில் ஆட்டினேன். “ம், ஆரம்பி,” என்றார். ஆட்டிக்கொண்டே துணியைக் கண்ணாடியின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். அவர் பொறுமையாக கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பாதிக்குக் கிட்டே வந்தபோது, “ஆங், மஞ்சளா ஏதோ தெரியறது,” என்றார்.

ரப்பர் ஓரங்களில் பசை படாமலிருக்க நான் ஒரு நீல டேப் ஒட்டுவது வழக்கம். அதில் ஒரு துண்டைக் கிழித்து, அவருக்கு மஞ்சள் தெரிந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒட்டினேன்.

“கண்ணாடியில எதுக்கு டேப்?” என்று கேட்டுக்கொண்டே அவர் இறங்கி வந்தார்.

“ஏன்னா, இந்த டேப்புக்கு அந்தப் பக்கம் இருக்கறது எதுவும் உங்களுக்குத் தெரியலை.”

“சுள்ளு,” என்றார் கன்னடத்தில், பொய் என்று. “நன்னா தெரியறது. இதோ டேப், இதோ நீ.”

“திரும்பிப் பார்த்தா தெரியும். நேரா பார்த்துண்டே சொல்லுங்கோ.”

அவர் மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். இடது கையை நீட்டி, நேரே பார்த்துக்கொண்டு விரல்களை ஆட்டினார். கையை உள்ளே கொண்டுவந்தார், வெளியே கொண்டுபோனார். என்னை இறங்கச் சொல்வது போலச் சைகை செய்து, பிறகு நான் வெளியேதான் நிற்கிறேன் என்று நினைவு வந்து, தான் இறங்கிக்கொண்டு என்னை உட்காரவைத்தார். என் கை எதுவரை எனக்குத் தெரிகிறது என்று கேட்டார். இடது பக்கக் கண்ணாடியைத் தாண்டியும் தெரிந்தது. சொன்னேன். மறுபடியும் அவர் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஹௌதா,” என்றார் கடைசியில். அப்படியா என்று அர்த்தம். அதைக் கேள்வியாகக்கூட அவர் சொல்லவில்லை.

எனக்கு வந்தது பயம், வெறும் பயம். நஞ்சன்கூடு ரோட்டில் பள்ளிக்கூடம் விட்டு இடது ஓரமாகத்தான் பிள்ளைகள் கும்பலாக நடந்து வருவார்கள். அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் ஊரே வண்டிக்கு வண்டி மாலை கட்டிக்கொண்டு நின்றது. என் காரில் சந்தனமும் குங்குமமும் நம்பர் பலகையில் மட்டும்தான் என்பது சட்டம், பெயிண்டில் பட்டால் கறை போகாது. பூஜை முடிந்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அதை நசுக்கிக்கொண்டு வண்டி ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். எத்தனையோ வருஷமாக அந்தச் சுற்று அவருடையது. அவர் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். தெருவே அவரவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அவர் கிளப்பவில்லை. நீல டேப் இன்னும் கண்ணாடியில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினார்.

“நீ எடு.”

“நானா?”

“லைசென்ஸ் இருக்கே. அதைத்தான் பீரோல வச்சு வருஷம் பூரா பூஜை பண்ணிண்டிருக்கியே.”

எடுத்தேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தெருக்கோடிக்குப் போய்வருவதற்குள் வண்டி இரண்டு தரம் நின்றது. பின்னால் வந்த மாலை போட்ட ஆட்டோ ஹாரன் அடித்துத் தீர்த்தது. அவர் இடது சீட்டில் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கிளட்சை விட்டுவிட்டு அழ முடியவில்லை.

கண் மருத்துவர் அதைக் கண் அழுத்த நோய் என்றார். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து பார்வையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே வரும். விளக்குப் புள்ளிகளைக் காட்டிச் சோதித்த இயந்திரம் ஒரு படம் கொடுத்தது. அதில் இடது பக்கம் மையாகக் கருத்திருந்தது. போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இன்னும் தாமதித்திருந்தால் நடுப் பார்வைக்கும் வந்திருக்கும் என்றார். இதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். கார் துடைக்கும்போது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார்.

இனி இவர் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். நான்தான் கேட்டேன், திவ்யதேசங்களுக்குப் போக வேண்டும் என்று இருந்தாரே என்று. தாராளமாகப் போகட்டும், வேறு யாராவது ஓட்டட்டும் என்றார் மருத்துவர்.

வண்டிக்கு இத்தனை உபசாரம் எதற்கு, இது என்ன கிறுக்கு என்று கேட்ட உறவுக்காரர்கள் எங்களுக்கு நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் இப்போது நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். நான் வாரா வாரம் அந்தக் கதவை விரலால் தடவிப் பார்க்காமலிருந்தால், இவர் இன்றைக்கு எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்?

ஆனால் வீட்டுக்குள் அந்த வெற்றி எனக்கு இனிக்கவில்லை. அவர் பஸ்ஸில் சாமராஜநகருக்குப் போய்வரத் தொடங்கினார். காரைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போவார். திவ்யதேசப் பேச்சு நின்றுபோனது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் நான் போட்டேன், அவர் தலையை நிமிர்த்திக் காட்டினார். நான் பக்கத்துச் சந்துகளில் ஓட்டிப் பழகினேன். கூட வாருங்கள் என்றால் தலைவலி என்பார். அவ்வளவு பேசுகிற மனுஷர் இப்படி ஆனதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. ஒருநாள் நேராகவே சொன்னேன்: “உங்க கண்ணுக்கு வந்தது எனக்கும்தான் கஷ்டம். ஆனா நீங்கோ இப்படி வாயை மூடிண்டு இருக்கறதை என்னால பார்க்க முடியலை.”

அடுத்த ஞாயிறு காவிரித் தண்ணீர் வந்தது. நான் எழுந்து வருவதற்குள் அவர் போர்ட்டிகோவில் இரண்டு வாளியும் நிரப்பிவைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூரையில் தொடங்கி, பாகம் பாகமாக அலசிக் கழுவினார். சக்கரத்துக்குத் தனி வாளி எடுத்தார். நான் குறை சொல்லக் காத்திருந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வருஷம் கேலி செய்துகொண்டே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். கடைசியில் கண்ணாடியிலிருந்து அந்த நீல டேப்பை மெதுவாக உரித்து, படிந்திருந்த கோந்தை வழித்தெடுத்தார். “இவ்வளோ நாள் வெச்சிருந்தா கோந்து ஒட்டிக்காதா? உனக்கே தெரியாதா?” என்றார். திட்டினார் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் அவர் இடது சீட்டில் ஏறிக்கொண்டார். நாங்கள் முதலில் போனது ஸ்ரீரங்கப்பட்டணம். அது நூற்றெட்டுக் கணக்கில் சேராது, ஓட்டிப் பழகுவதற்குச் சேரும். வழி முழுக்க, “கியர் மாத்து, லாரிக்கு ஹாரன் அடி, ஏன் பயப்படறே,” என்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, என் கணவர் பிரசாதத்துக்கு நிற்கும்போது, நான் வண்டியை எடுத்துவரப் போனேன். திருப்பும்போது வலது பின்கதவு ஒரு கல்தூணில் உரசியது. அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் அவர் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் தேய்த்து, மெழுகை இரண்டு பூச்சு கனமாகப் பூசி, வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கழுவி முடித்துவிட்டுக் கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் தொடங்கி விரல்களை ஓட்டினார். இடது பக்கம் முழுக்க நிதானமாகப் போனார். நான் ஒன்றும் தெரியாதவள் போலத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் சுற்றி வலது பக்கம் வந்தார். பின்கதவில் அவர் விரல் நின்றது. கொஞ்சம் பின்னே போனது, மறுபடியும் வந்து அதே இடத்தில் நின்றது. அவர் கண்ணைத் திறந்து, தலையை முழுக்க என் பக்கம் திருப்பினார்.

“வலது பக்கம்,” என்றார். “இது என் கீறல் இல்லே.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஆயுத பூஜைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

“சரி, போய்க் காம்பவுண்டை எடுத்துண்டு வா,” என்று அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அடுத்த மாசம் ஸ்ரீரங்கம். நீ ஓட்டு, வண்டியை நான் பார்த்துக்கறேன்.”